டிரைவருக்குள் ஒரு ரேஸ்!

"மாமா... டிரைவர்ல ரேஸ் கண்டிஷன்! ராத்திரி பூரா முழிச்சிருந்தும் பிடிக்க முடியலை!"

காலை ஆறரை மணிக்குக் கண்கள் சிவக்க என் முன்னால் வந்து நின்றான் அக்கா பையன். என் கையில் காபி டம்ளர். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள் என் மனைவி.

"ரேஸா? எந்த டிரைவர்டா? வண்டி நம்பரைக் குறிச்சு வெச்சியா? இந்த ஜி.எஸ்.டி. ரோடுல ஒருத்தனாவது ஒழுங்கா ஓட்டறானா..."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பொத்தேரியில் குடியிருக்கிறவர்களுக்கு 'டிரைவர்', 'ரேஸ்' என்கிற இரண்டு வார்த்தைகளும் ஒரே வாக்கியத்தில் வந்தால் வேறு அர்த்தமே கிடையாது. ஒரு பக்கம் ரயில், மறு பக்கம் நெடுஞ்சாலை. நடுவில் எங்கள் வீட்டு ஜன்னல் சதா நடுங்கிக்கொண்டே இருக்கும்.

"ஐயோ அத்தை, அந்த டிரைவர் இல்லை. டிவைஸ் டிரைவர்!"

"அது எந்த ரூட்?" என்றாள். பையன் தலையில் அடித்துக்கொண்டான்.

என்னைப் பற்றி ஒரு வரி: நான் பி.காம். டெபிட், கிரெடிட், பேங்க் ரிகன்ஸிலியேஷன் - இவைதான் எனக்குத் தெரிந்த அறிவியல். கம்ப்யூட்டரில் டைப் அடிப்பேன். அது நின்றுபோனால் அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். அக்கா பையன் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கமுள்ள எஸ்.ஆர்.எம்.மில் கடைசி வருஷம் படிக்கிறான். எங்கள் வீட்டில்தான் தங்கல். அவனுக்கு விளங்காததை எனக்கு விளக்கப் பார்த்தால் அவனுக்கே விளங்கிவிடும் என்பது அவன் கட்சி. அதனால் அன்று எனக்குப் பாடம் ஆரம்பமானது. ஆனால், அது என் பழைய பாவம் ஒன்றில் போய் முடியும் என்று இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

*

முதலில் டிரைவர் என்றால் யார் என்று பார்த்துவிடுவோம்.

பிரின்டர், கீ-போர்டு, எடை மெஷின்... இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசும். கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அத்தனை பாஷையும் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்கிற சின்ன புரோகிராம்தான் டிவைஸ் டிரைவர். நல்ல டிரைவர் இருப்பதே நமக்குத் தெரியாது. கெட்ட டிரைவர், மெஷினையே படுக்க வைத்துவிடும். காரணம், அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்ப்பக்கிருகத்துக்குள் - 'கர்னல்' என்கிறார்கள் - உட்கார்ந்து வேலை பார்க்கிறது.

பையனின் பிராஜெக்ட்டில் ஒரு எலெக்ட்ரானிக் தராசு, ஒரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர், இரண்டையும் இணைக்கும் ஒரு கேபிள். தராசில் மூட்டையை வைத்து முள் நிலைத்ததும் (முள் ஏது... நம்பர்தான்!) அது எடையை ஒவ்வொரு எழுத்தாகக் கேபிளில் அனுப்பும். ஒவ்வொரு எழுத்தும் வந்து சேரும்போது கம்ப்யூட்டருக்கு ஒரு 'காலிங் பெல்' அடிக்கும். அதற்குப் பெயர் இன்டர்ரப்ட். பெல் அடித்ததும் டிரைவர் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், வந்த எழுத்தை வாங்கி ஒரு டப்பாவில் போடும். பில் போடுகிற புரோகிராம் அந்த டப்பாவைத் திறந்து எடையைப் படிக்கும்.

"அவ்ளோதானே? இதுல என்னடா கஷ்டம்?"

"அதான் மாமா நானும் நெனச்சேன். ராத்திரி சோதனைக்காக தராசைக் கழட்டிட்டு, இன்னொரு கம்ப்யூட்டர்லேர்ந்து ரெண்டே ரெண்டு எடையை மாத்தி மாத்தி அனுப்பினேன். 09.980, 10.250. விடிய விடிய இது ரெண்டும்தான் போச்சு. காலைல எழுந்து பார்த்தா லிஸ்ட்ல அங்கங்கே 10.980-ன்னு ஒண்ணு, 09.250-ன்னு ஒண்ணு. அனுப்பாத எடை எங்கேர்ந்து மாமா வந்துது?"

இரண்டு லட்சம் தடவை அனுப்பியதில் நாற்பத்தோரு தடவை இந்த மாதிரி பேய் எடைகள். எங்கே தப்பு நடக்கிறது என்று பார்க்க, டிரைவருக்குள் 'இப்போ இங்கே வந்தேன், இப்போ அங்கே போனேன்' என்று எழுதச் சொல்லி வரிகள் சேர்த்திருக்கிறான். உடனே தப்பு நின்றுவிட்டது! வரிகளை எடுத்தால் மறுபடி வருகிறது. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி போய்விடுகிற கதைதான். எழுதுவதற்கு ஆகும் துளி நேரத்தில், மோதவேண்டிய இரண்டு பேரும் விலகிப் போய்விடுகிறார்கள்.

*

ரகசியம் என்னவென்று அவன் சேப்பாக்கத்தை வைத்து விளக்கினான்.

அந்தக் காலத்து ஸ்கோர் போர்டு ஞாபகமிருக்கிறதா? ஆள் உள்ளே நின்று தகடுகளை மாட்டுவார். ஸ்கோர் 199. ஒரு ரன் எடுத்தாயிற்று, 200 ஆக்கவேண்டும். முதல் தகட்டைக் கழற்றி 2 மாட்டிவிட்டார். அடுத்த தகட்டுக்குக் கையை நீட்டுகிறார். அந்த நொடியில் நீங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தால்?

299!

ஸ்கோர் எழுதுபவர் மேல் தப்பில்லை. பார்த்த உங்கள் கண்ணிலும் கோளாறு இல்லை. பார்த்த நேரம்தான் தப்பு. பையனின் டப்பாவிலும் அதேதான். 09.980 இருந்த இடத்தில் 10.250 எழுத்து எழுத்தாக வந்து இறங்குகிறது. 1, 0 இரண்டும் வந்துவிட்டன. மிச்சம் வருவதற்குள் பில் புரோகிராம் படித்துவிட்டது. 10 புதுசு, .980 பழசு. சேர்த்தால் 10.980. ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி, இவன் வைத்திருந்த வேகத்தில், ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சந்தில் யாராவது கையை விட்டால்தான் விபத்து. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடக்கிற இந்த ஓட்டப்பந்தயத்துக்குத்தான் 'ரேஸ் கண்டிஷன்' என்று பெயர். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

"அப்போ இது தினமும் நடக்காதா?"

"நடக்காது மாமா. எப்பவாவதுதான்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

'எப்பவாவதுதான் சார்!' - இந்த வார்த்தையை இதே மாதிரி ஒரு எடைக் கதையில் எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை.

*

2014-ல், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மொத்த மளிகைக் கடையில் நான் கணக்கர். (பெயர் வேண்டாம். கடை இப்போது இல்லை.) அங்கே எலெக்ட்ரானிக் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார்கள். இரண்டு கவுன்ட்டர். ஒன்றில் ஒரு பெரியவர் நிதானமாக உட்கார்ந்திருப்பார். மற்றதில் ஒரு அம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேகம் என்றால் அப்படியொரு வேகம்! ஒரு மூட்டையை இறக்கும் கை, அடுத்த மூட்டையை ஏற்றிக்கொண்டிருக்கும். விரல் பட்டனில் இருக்கும். பண்டிகை நாளில் அந்தக் கவுன்ட்டரில்தான் கூட்டம் அம்மும்.

மாதக் கடைசியில் ஸ்டாக் எடுத்தால், அந்த அம்மா கவுன்ட்டரில் மட்டும் சரக்கு குறையும். இரண்டு கிலோ, மூன்று கிலோ. போதாததற்கு பில் கேன்சல்கள் வேறு அவரிடம்தான் அதிகம். என்னிடம் வந்து சொன்னார்:

"சார், எப்பவாவது நம்பர் தாவுது சார். வெச்சது ஒண்ணு, விழறது ஒண்ணு. கூட விழுந்தா கஸ்டமர் சண்டைக்கு வராங்க, கேன்சல் பண்ணிக் குடுக்கறேன்."

மெஷின்காரரைக் கூப்பிட்டோம். கல்லை வைத்தார், எடுத்தார், வைத்தார், எடுத்தார். நூறு தடவையும் சரியாகக் காட்டியது. "மெஷின் பக்கா சார்!" என்று கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? பி.காம். படித்தவன் செய்கிறதைச் செய்தேன். வவுச்சரில் 'ஊழியரின் அலட்சியத்தால் ஏற்பட்ட நஷ்டம்' என்று எழுதினேன். நான்கு மாதத்தில் மொத்தம் 1,840 ரூபாய் அவர் சம்பளத்தில் பிடித்தோம். ஐந்தாவது மாதம் அவர் வேலைக்கு வரவில்லை.

இதைச் சொன்னதும் பையன் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தான்.

"மாமா, பழைய எடை 10.250, புதுசு 09.980-ன்னு வெச்சுக்கோங்க. பாதில படிச்சா 09.250. அதாவது 730 கிராம் கம்மியா பில் விழும். கூட விழுந்தவன் சண்டை போட்டுக் காசை வாங்கிட்டுப் போயிடுவான். கம்மியா விழுந்தவன் திரும்பி வருவானா?"

நான் வருவேனா? நீங்கள் வருவீர்களா?

அதுதான்! கூடுதலாக விழுந்ததெல்லாம் கேன்சல் பில்லாகச் சரிசெய்யப்பட்டுவிட்டது. குறைவாக விழுந்தது மட்டும் ஸ்டாக்கில் ஓட்டையாக நின்றது. டெபிட் பக்கம் மட்டுமே உள்ள லெட்ஜர் அது. கணக்கர் நான், அதைப் பார்த்திருக்கவேண்டும். ஒருவரிடமே கேன்சலும் குறைவும் சேர்ந்து வந்தால் அது திருட்டுக்கு அடையாளம் என்று நினைத்தேனே தவிர, மெஷினின் கோளாறுக்கும் அதே அடையாளம்தான் என்று தோன்றவில்லை.

"அப்போ பெரியவர் கவுன்ட்டர்ல ஏன் வரலை?"

"அவர் நிதானமா பட்டனை அழுத்துவார். அதுக்குள்ள எல்லா எழுத்தும் வந்து சேர்ந்திருக்கும். அந்த அம்மா வேகம் மாமா. முள் நிலைக்கிற அந்த நொடியிலேயே விரல் போயிடும். ஆனா அந்தக் கடை புரோகிராமை நான் பார்த்ததில்லை. இதுதான்னு சத்தியம் பண்ண முடியாது. இதுவா இருக்கலாம். அவ்வளவுதான்."

கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த தண்டனையா? எனக்குக் காபி இறங்கவில்லை.

*

"இதைவிடக் கொடுமையெல்லாம் நடந்திருக்கு மாமா," என்று அவன் சொன்ன கதை, கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்கு நளாயினி கதை மாதிரி பாடமாம்.

தெரக்-25. கனடாவில் தயாரான, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில் ஒரு பெண் ஆபரேட்டர். நல்ல அனுபவசாலி. எலெக்ட்ரான் சிகிச்சைக்குப் பதிலாக எக்ஸ்-ரே என்று தவறி ஒரு எழுத்தை டைப் அடித்துவிட்டார். உடனே கவனித்து, மளமளவென்று மேலே போய்த் திருத்திவிட்டு ஆரம்பித்தார். உள்ளே காந்தங்கள் சரியான நிலைக்கு வர ஏறக்குறைய எட்டு செகண்ட் ஆகும். அந்த எட்டு செகண்டுக்குள் திருத்தம் முடிந்துவிட்டதால், ஒரு பகுதி புரோகிராமுக்குப் புதுக் கட்டளை தெரிந்தது. இன்னொரு பகுதிக்குத் தெரியவில்லை. பாதி பழசு, பாதி புதுசு. நம்ம 10.980 மாதிரி! ஆனால் இங்கே அளவு தப்பியது மளிகை இல்லை, கதிர்வீச்சு. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் வந்தது. உள்ளே படுத்திருந்தவருக்கு உடம்பில் ஷாக் அடித்த மாதிரி இருந்தது. சில மாதங்களில் இறந்துபோனார்.

கம்பெனி ஆட்கள் வந்து சோதித்தார்கள். தப்பு வரவில்லை. மெஷின் மறுபடி ஓடியது. ஏப்ரலில் இன்னொரு நோயாளி. அதே ஊர், அதே ஆபரேட்டர், அதே 54. அவரும் இறந்தார்.

இந்த முறை அங்கிருந்த இயற்பியல் நிபுணர் ஃப்ரிட்ஸ் ஹேகர் ஒரு காரியம் செய்தார். ஆபரேட்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, 'அன்று நீங்கள் செய்ததை அப்படியே செய்து காட்டுங்கள்' என்றார். திரும்பத் திரும்ப முயன்றதில், மெஷினைத் தடுமாற வைப்பது டைப் அடிக்கும் வேகம்தான் என்று கண்டுபிடித்தார்கள். அந்த வேகம் கைவர அவரே பழகவேண்டியிருந்தது!

1985-லிருந்து 1987 வரை இந்த மெஷின் மாடலில் ஆறு விபத்துகள். இன்னொரு செய்தி: இதற்கு முந்தைய தெரக்-20 மாடலின் புரோகிராமிலும் இதே கோளாறு இருந்தது. ஆனால் அதில் தனியாகப் பாதுகாப்புக் கருவிகள் வைத்திருந்ததால் ஃப்யூஸ் போகும், அவ்வளவுதான். புது மாடலில் 'புரோகிராம்தான் பார்த்துக்கொள்கிறதே' என்று அவற்றை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு மனதில் நின்றது ஹேகர்தான். எங்கள் மெஷின்காரர் கல்லை நிதானமாக வைத்து எடுத்தார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, 'உங்க வேகத்துல ஒரு தடவை போட்டுக் காட்டுங்கம்மா' என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

*

சரி, இதற்கு வைத்தியம்?

"பூட்டு!" என்றான் பையன். ஒரு பூட்டு, ஒரே சாவி. எழுதுகிறவர் சாவியை எடுத்துக்கொண்டுதான் டப்பாவைத் தொடவேண்டும். படிக்கிறவரும் அப்படியே. ஒருவர் கையில் சாவி இருக்கும்வரை மற்றவர் வெளியே நிற்கவேண்டும்.

அன்றிரவு பூட்டைப் போட்டான். மெஷின் உறைந்து நின்றுவிட்டது. கீ-போர்டைத் தட்டினால் பதில் இல்லை. ஃபேன் மட்டும் ஓடுகிறது.

காரணத்தைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் மனைவி எழுந்து வந்துவிட்டாள். நம்ம போர்ஷன் வீட்டுப் பாத்ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரின் பிராசஸர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு டப்பாவைப் படிக்கிறது. அப்போது வாசலில் பெல் அடிக்கிறது - அடுத்த எழுத்து வந்துவிட்டது. பெல் அடித்தால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடவேண்டும் என்பது சட்டம். ஓடிப்போய் எழுத்தை வாங்கியாயிற்று. அதை வைக்கவேண்டிய டப்பா பாத்ரூமுக்குள்! கதவு உள்ளே தாழ். தட்டுகிறது, தட்டுகிறது, தட்டிக்கொண்டே இருக்கிறது. தாழ் போட்டதும் அதுவேதான், வெளியே நின்று தட்டுவதும் அதுவேதான்!

திருத்தம் எளிது. உள்ளே போகுமுன் காலிங் பெல்லை அணைத்துவிடவேண்டும். வெளியே வந்ததும் போட்டுவிடவேண்டும். ஆனால் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்கக் கூடாது. சட்டென்று வந்துவிடவேண்டும். பெல் அணைந்திருக்கும் நேரம் நீண்டால் எழுத்துகள் தவறிப் போகும்.

மாடிப் போர்ஷனில் ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார். எங்கள் வீட்டுச் சிரிப்புச் சத்தம் கேட்டு மறுநாள் விசாரிக்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்குத்தானா தம்பி இவ்வளவு? எங்க டோக்கன்தானே இது!"

ஒற்றை ரயில் பாதை. இரண்டு ஸ்டேஷன். இரு பக்கமிருந்தும் ரயில் புறப்பட்டால் நடுவில் மோதல். அதற்காக இரண்டு ஸ்டேஷன்களிலும் கம்பியால் இணைத்த ஒரு ஜோடி இயந்திரங்கள். ஒன்றிலிருந்து உருண்டையான ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது மறுபடி உள்ளே போகும்வரை இரண்டு இயந்திரமும் இன்னொரு டோக்கன் தராது. டோக்கன் கையில் இல்லாமல் இன்ஜின் டிரைவர் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. வளையத்தில் மாட்டிய டோக்கனை ஓடும் ரயிலில் இருந்தே கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள்.

"சார், நீங்க சொல்றது அச்சா அதுதான். இதுக்கு ஒரு பேரே உங்க டிபார்ட்மென்ட்லேர்ந்துதான் வந்துது," என்றான் பையன். 1960-களின் முற்பகுதியில் நெதர்லாந்துக்காரரான டைக்ஸ்ட்ரா, ஒரே பொருளுக்கு இரண்டு புரோகிராம்கள் முட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு முறை வகுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'செமஃபோர்'. தமிழில் நாம் சொல்கிற கைகாட்டி மரம்!

ஸ்டேஷன் மாஸ்டருக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

*

பூட்டு போட்டால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. பூட்டு ஒன்றுக்கு மேல் போனால் வேறு வம்பு. குளிக்க வாளியும் வேண்டும், சொம்பும் வேண்டும். நான் வாளியை எடுத்துக்கொண்டு சொம்புக்குக் காத்திருக்கிறேன். மச்சினன் சொம்பை வைத்துக்கொண்டு வாளிக்குக் காத்திருக்கிறான். இருவரும் விட்டுக்கொடுக்காத பரம்பரை. ஜன்மத்துக்கும் குளியல் கிடையாது! இதற்கு 'டெட்லாக்' என்று பெயர். மருந்து: வீட்டில் யாரானாலும் முதலில் வாளி, பிறகுதான் சொம்பு என்று ஒரே வரிசை. லினக்ஸில் இந்த வரிசையை யார் மீறினாலும் காட்டிக்கொடுக்க 2006-லேயே ஒரு கண்காணிப்பாளரைப் போட்டுவிட்டார்கள்.

சரி, ஒரே ஒரு பெரிய பூட்டாகப் போட்டுவிட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1996-ல் லினக்ஸ் ஒன்றுக்கு மேற்பட்ட பிராசஸர்களில் ஓட ஆரம்பித்தபோது, கர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு. வீட்டுக்கே ஒரே சாவி! ஒருவர் சமையலறையில் இருந்தால் மற்றவர் மொட்டை மாடிக்குக்கூடப் போக முடியாது. பத்திரம்தான், ஆனால் ஆமை வேகம். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, அறைக்கு ஒரு பூட்டாக மாற்றி, அந்தப் பெரிய பூட்டின் கடைசி மிச்சத்தை எடுத்தது 2011-ல். பதினைந்து வருஷ வேலை.

பூட்டே இல்லாமல் படிக்கவும் ஒரு வழி உண்டு. டீக்கடைப் பேப்பரைப் போல. புதுப் பேப்பர் வந்தால், படித்துக்கொண்டிருப்பவர் கையிலிருந்து பழசைப் பிடுங்குவதில்லை. புதுசைப் பலகையில் போட்டுவிடுவார்கள்; இனி வருகிறவர் அதைப் படிப்பார். பழசைப் படிக்கிறவர்கள் எல்லாரும் முடித்த பிறகு அதைக் கடைக்காரர் பொட்டலத்துக்கு எடுத்துக்கொள்வார். இந்த முறை 2002-ல் லினக்ஸில் சேர்ந்தது. அதற்கு உழைத்த முக்கியமான கைகளில் ஒன்று ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியக் கிளையைச் சேர்ந்த தீபாங்கர் சர்மாவுடையது.

இவ்வளவு இருந்தும் ஓட்டைகள் தப்பிவிடுகின்றன. லினக்ஸில் 'என்-ஹெச்.டி.எல்.சி.' என்று ஒரு டிரைவர். பழைய சீரியல் கேபிள் வகையறா. 2009-ல் அதில் ஒரு வசதி சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். அதன் விளைவு: ஒரே காலி டப்பாவை இரண்டு பேர் ஒரே சமயத்தில் 'காலி' என்று திருப்பிக் கொடுத்துவிட வழி உண்டாகிவிட்டது. எங்கள் பாஷையில், ஒரே காலி சிலிண்டருக்கு இரண்டு வரவு! அந்த ஒரு தப்பை வைத்து, சாதாரண ஆள் ஒருவர் மெஷினின் முழு அதிகாரத்தையே பிடித்துவிடலாம். ஏழு வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2017-ல் அலெக்சாண்டர் பபோவ் என்ற ரஷ்ய நிபுணர் கண்டுபிடித்துத் திருத்தினார். அவருக்குத் துப்புக் கொடுத்தது ஒரு சோதனைப் புரோகிராம். ராப்பகலாக, தாறுமாறாக, எல்லாக் கதவையும் தட்டிப் பார்ப்பதுதான் அதன் தொழில். நிதானமான பெரியவராக இல்லாமல், அந்தக் கவுன்ட்டர் அம்மாவாக அது நடந்துகொள்கிறது!

பையனும் தன் டிரைவரைத் திருத்தினான். வரும் எழுத்துகளைத் தனி டப்பாவில் சேர்த்து, முழு எடையும் வந்த பிறகே பூட்டைப் போட்டுப் பொது டப்பாவுக்கு மாற்றினான். மூன்று இரவு ஓடவிட்டான். பேய் எடை ஒன்றுகூட வரவில்லை.

"அப்போ முடிஞ்சுது, இல்லையா?" என்றேன்.

"மூணு நாள் வரலைங்கறதுக்காக இல்லைன்னு ஆயிடுமா மாமா? உங்க மெஷின்காரர் நூறு தடவை பார்த்தாரே!" சுருக்கென்றது எனக்கு. பிறகு 2020-ல் லினக்ஸில் சேர்ந்த ஒரு கருவியை ஓட்டினான். அது ஏதாவது ஒரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து நிற்கும். அந்த நேரத்தில் பூட்டில்லாமல் இன்னொரு கை உள்ளே வந்தால், இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொடுக்கும். அதற்கும் மேலாக, யார் எப்போது வந்தாலும் மோத முடியாது என்று பேப்பரில் ஒவ்வொரு வரியாகக் காரணம் எழுதினான். அதன் பிறகுதான் தூங்கப் போனான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொத்தேரியில் ரயிலேறி, சிங்கபெருமாள் கோவிலில் இறங்கினேன். பழைய கடை ஆள் ஒருவர் அடையாளம் சொல்லியிருந்தார். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பூக்கடை. அதே அம்மா. தலை நரைத்திருந்தது. விரல்களின் வேகம் மட்டும் அப்படியே.

என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். முகத்தில் மாற்றமில்லை. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். தராசு, டப்பா, பாதி பழசு, பாதி புதுசு... ஸ்கோர் போர்டைக்கூடச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பூக்கட்டினார்.

"நான் அப்பவே சொன்னேனே சார். எப்பவாவது தாவுதுன்னு."

"சொன்னீங்க. நான்தான் கேக்கலை. இப்பவும் அதுதான் காரணம்னு நிரூபிக்க முடியாது. ஆனா நீங்க அலட்சியம்னு நான் எழுதினதுக்கும் எந்த நிரூபணமும் இல்லை."

உறையை நீட்டினேன். 1,840 ரூபாய். வேண்டாம் என்று மறுப்பார், கண் கலங்குவார் என்றெல்லாம் ரயிலில் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தேன். (பத்திரிகைக்கு எழுதுகிறவன் புத்தி!) அவர் உறையைப் பிரித்தார். விரலை நனைத்துக்கொண்டு எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"பி.காம்.தானே சார் நீங்க? வட்டி எங்கே?"

அசந்துபோய்ப் பர்ஸை எடுத்தேன். மனக்கணக்காக ஒரு தொகை போட்டுக் கொடுத்தேன். அதையும் எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகுதான் சிரித்தார்.

"காசு போனதுகூடப் பரவாயில்லை சார். அந்தப் பேப்பர்ல 'அலட்சியம்'னு எழுதினீங்க பாருங்க. என் பொண்ணு அதைப் படிச்சுட்டு, 'ஏம்மா பார்த்துப் போடக் கூடாதா?'ன்னு கேட்டா."

என்ன பதில் சொல்வது? அதற்கு எந்த வவுச்சரிலும் தலைப்பு இல்லை.

கிளம்பும்போது, வீட்டுக்கு இரண்டு முழம் மல்லிகை கேட்டேன். முழங்கையை நீட்டி அளந்து, இலையில் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

"நல்லா அளந்து பார்த்துக்கோங்க சார். முழம் போடறதுக்கு எந்த டிரைவரும் வேண்டாம். எப்பவாவதுகூடத் தாவாது!"

பூவுக்கும் காசு வாங்கிக்கொண்டுதான் விட்டார்.